பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்

பழைய இரும்பை வாங்கிக்கொண்டு பேரீச்சம்பழம் கொடுக்கும் வியாபாரியைப் பற்றி நம் ஜனங்களுக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. எதற்கும் உதவாத சாமானைக் கண்டால் "பேரீச்சம்பழத்துக்குப் போடு" என்று சொல்லிச் சொல்லி, அந்த மனிதரையே கேலிப் பொருளாக்கி விட்டோம். நான் அவர் கட்சி. அவர் இரும்பை இரும்பென்று சொல்லித்தான் வாங்கினார். தராசில் நிறுத்தார், பழத்தைக் கொடுத்தார், அடுத்த தெருவுக்குப் போய்விட்டார். 'இதை நான் காப்பாற்றப் போகிறேன்' என்று ஒரு நாளும் அவர் பேசியதில்லை. இன்றைக்குப் பழைய இரும்பைக் காப்பாற்றுகிறோம் என்று ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. அவர்களோடுதான் என் வழக்கு.

காரைக்குடிக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் மாளிகை பார்த்து, இலை போட்டுச் சாப்பிட்டு, அந்தக் களைப்பு தீருமுன் முனீசுவரன் கோயில் தெருவுக்குப் போய்ப் பழைய சாமான் வாங்குகிறார்கள். அந்தத் தெருவை நான் குறை சொல்ல மாட்டேன். செட்டிநாட்டு வீடு ஒன்று இடிபடும்போது பங்காளிகள் பிரித்துக்கொண்டது போக மிஞ்சியதெல்லாம் அங்கேதான் வந்து சேருகிறது. பர்மாத் தேக்குத் தூண், எனாமல் தூக்குச்சட்டி, ஒரு முழம் நீளச் சாவி போட்ட பூட்டு, ரவிவர்மா படம் ஒட்டிய கண்ணாடிச் சட்டம், எல்லாம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும். அந்தத் தெரு இல்லாவிட்டால் மரமெல்லாம் விறகாகவும் இரும்பெல்லாம் உருக்காலைத் தீனியாகவும் எப்போதோ போயிருக்கும்.

அங்கே ஒரு கடையில், முறுக்கு உழக்குகளுக்கும் ஓட்டைத் தராசுத் தட்டுகளுக்கும் நடுவில் ஒரு சிறு யந்திரத்தைப் பார்த்தேன். ஒன்றரைச் சாண் உயரம். மேஜை விளிம்பில் இறுக்கி மாட்டக் கீழே ஒரு திருகு. வலப்பக்கம் சுற்றுவதற்கு ஒரு கைப்பிடி. எதிர்ப்பக்கம் தள்ளுவதற்கு ஒரு நெம்புகோல். உடம்பு முழுவதும் துரு. கொஞ்சநஞ்சம் அல்ல, ஏட்டடுக்குப் போலத் தட்டுத் தட்டாக உரிகிற துரு. கைப்பிடியை அசைத்தேன். அசைவேனா என்றது.

"இது என்ன?" என்று கேட்டேன்.

"காப்பிக்கொட்டை அரைக்கிற மெஷின், ஐயா. வெள்ளைக்காரன் காலத்துச் சாமான்."

"கொட்டையை எந்த வழியாகப் போடுவது?"

அவர் யந்திரத்தை இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்தார். "அந்தக் கிண்ணம் ஒடைஞ்சு போயிருக்கும், ஐயா" என்றார்.

அது காப்பி யந்திரமே அல்ல. துப்பாக்கித் தோட்டாவை மூடுகிற யந்திரம். இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்தில் ஜேம்ஸ் டிக்ஸன் கம்பெனி, ஹாக்ஸ்லி கம்பெனி முதலானவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து இம்மாதிரிக் கருவிகளைச் செய்து உலகமெல்லாம் அனுப்பினார்கள். அந்தக் காலத்து வேட்டைத் தோட்டா காகிதக் குழல். அடியில் பித்தளைத் தொப்பி. சுட்டு முடித்த குழலை எறிந்துவிடாமல் மறுபடி நிரப்பிக்கொள்ளும் வழக்கம் இருந்தது. தோட்டா கப்பலில் வரவேண்டும், விலை அதிகம், மழை நாளில் காகிதம் ஊதிக்கொள்ளும் என்பதெல்லாம் காரணம். நிரப்பிய குழலின் வாயை உட்புறமாக மடித்து உருட்டி மூடுவதுதான் நான் பார்த்த யந்திரத்தின் உத்தியோகம். நெம்புகோல் குழலைத் தள்ளிப் பிடித்துக்கொள்ளும். கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே பள்ளம் விழுந்த ஒரு தலை சுழன்று, சுழன்று, காகித விளிம்பை மடித்துவிடும். அந்தத் தலைக்குள்ளே விரல் நுனி நுழைகிற அளவு இடம். அங்கேதான் யந்திரத்தின் உயிர் இருக்கிறது.

கடைக்காரருக்கு இதை விளக்கினேன். இதற்கு லைசென்ஸ் சங்கதியெல்லாம் உண்டு என்றும் சொன்னேன். அவர் பயப்படவில்லை. "அப்ப காப்பி மெஷினாவே இருந்துட்டுப் போகட்டும், ஐயா" என்றார்.

சில மாதங்களுக்குப் பிறகு சென்னையில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். நல்ல மனிதர்கள், நாவல் படிக்கிறவர்கள், அலமாரியில் புத்தகம் வைத்திருக்கிறவர்கள். கூடத்தில் ஒரு மேஜை விளக்கு. அடியில் மெருகு போட்ட தேக்குப் பலகை, உச்சியில் மஞ்சள் ஒளி பல்பு, நடுவில் அதே யந்திரம்! அதேதானா, அதன் உடன்பிறப்பா என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. சொல்ல முடியாமல் செய்துவிட்டார்கள் என்பதுதான் என் புகார். பொன் வர்ணம் பூசியிருந்தது. கைப்பிடி திரும்பாமலிருக்கப் பற்றவைத்திருந்தது. பல்புக் கம்பி போவதற்காக அந்தச் சுழலும் தலையின் வழியே துளை போட்டிருந்தது. செய்தவர் பெயர் பொறித்திருக்கவேண்டிய இடம் கிரைண்டர் பட்டு நிலைக்கண்ணாடிபோல வழவழவென்று இருந்தது.

"துருப்பிடித்துக் கிடந்தது சார். புத்தம் புதுசாக்கிக் கொடுத்திட்டாங்க" என்றார் வீட்டுக்காரர். விலையையும் சொன்னார். நான் காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

புதுப்பித்தல் என்ற பேரில் நடக்கிற இந்த வேலை எப்படி நடக்கிறதென்று பட்டறைகளில் நின்று பார்த்திருக்கிறேன். முதலில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் ஆசிட். கழிப்பறை கழுவ விற்கிற அதே ஆசிட்தான். அது துருவைத் தின்னும். துரு தீர்ந்ததும் இரும்பைத் தின்னும். அதற்கு இரண்டும் ஒரே பந்திதான். வார்ப்பிரும்பின் நுண்ணிய துளைகளில் அந்த ஆசிட்டின் உப்பு தங்கிவிடும். தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டோமென்று இவர்கள் நினைப்பார்கள். வர்ணத்துக்குக் கீழே அது ஒரு மழைக்காலம் காத்திருந்து, கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். ஆசிட்டுக்கு அடங்காததைக் கிரைண்டர் கவனித்துக்கொள்ளும். தீப்பொறி பறக்கும், விளிம்புகள் மழுங்கும், எழுத்துப் போகும், கருவியைப் பிடித்த கைகள் இத்தனை வருஷம் தேய்த்த தேய்மானம் போகும். திறக்க வராத திருகாணியை வெட்டிப் போட்டுவிட்டுக் கடையில் வாங்கிய புது ஆணியை அடிப்பார்கள். அதன் மரை வேறு, இதன் மரை வேறு. ஷெஃபீல்டுக்காரன் அந்தக் காலத்து இங்கிலீஷ் அளவில் வெட்டிய மரைக்குள் இன்றைய மில்லிமீட்டர் ஆணியைத் திணித்தால் இரண்டும் கெடும். கெட்டுப் போனதை மறைக்கத்தான் கடைசியில் வர்ணம்.

இதிலே ஆபத்தும் இருக்கிறது. அதை யாரும் நினைப்பதே இல்லை. காப்பி யந்திரம் என்று நம்பித் தீப்பொறி பறக்கவிடுகிறார்கள். அது தோட்டா யந்திரம் என்றால், அது கிடந்த பெட்டியில் பழைய தோட்டாவோ, வெடிக்கும் தொப்பியோ, ஒரு சிமிழ் மருந்தோ கூடவே கிடக்கலாம். ஐம்பது அறுபது வருஷம் ஆனால் வெடிமருந்துக்குச் சாந்தம் வந்துவிடும் என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை. பொருள் இன்னதென்று தெரியாமல் அதன்மேல் கை வைப்பது பாமரத்தனம் மாத்திரம் அல்ல, பட்டறைப் பையனின் விரல்களோடு விளையாடுவது. அவனுக்கு யார் சொல்வார்கள்? விற்றவருக்குக் காப்பி; வாங்கியவருக்கு விளக்கு.

சரி, துருவை எப்படித்தான் எடுப்பது? துரு என்பது இரும்பின்மேல் வந்து ஒட்டிய அழுக்கு என்று நினைப்பதிலிருந்துதான் எல்லாத் தவறும் ஆரம்பிக்கிறது. இரும்பே தண்ணீரோடும் காற்றோடும் கலந்து துருவாகிறது. ஆன பிறகு முன்பிருந்த இடம் அதற்குப் போதாது; பலமடங்கு பருத்துக்கொள்கிறது. அச்சும் துளையும் ஒன்றையொன்று கவ்விப் பிடித்துக்கொள்வது இதனால்தான். ஆகவே அசையாத யந்திரம் செத்துப்போன யந்திரம் அல்ல. உள்ளே வீங்கியிருக்கிறது, அவ்வளவுதான். வீக்கத்தைச் சம்மட்டியால் யாராவது வைத்தியம் பார்ப்பார்களா?

மண்ணெண்ணெயில் முழுக்கப் போட்டு வைக்கவேண்டும். ஒரு நாள் அல்ல, ஒரு வாரம்; போதாவிட்டால் இன்னொரு வாரம். நடுநடுவே மரச்சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் எண்ணெய் இறங்கும். கைப்பிடியை ஒரே பக்கமாகப் பலம்கொண்டு திருப்பக் கூடாது. முன்னே ஒரு நூல், பின்னே ஒரு நூல் என்று அசைக்கவேண்டும். முதல் அசைவு கொடுத்ததும் செந்நிறமாகச் சேறு வழியும்; துடைத்துவிட்டு மறுபடி எண்ணெய். பகுதிகளைக் கழற்றினால், பித்தளையை வேறாக, இரும்பை வேறாக வைக்கவேண்டும். எது எங்கே இருந்ததென்று காகிதத்தில் படம் போட்டுக்கொள்ளவேண்டும். தையல் யந்திரத்தைப் பிரித்துச் சேர்க்கிற எந்த மெக்கானிக்கும் இதைத் தூக்கத்தில் செய்வார்.

தட்டுத் தட்டான துருவுக்கு மின்சார வைத்தியம் இருக்கிறது. சலவைச் சோடா கரைத்த தண்ணீர், ஒரு பாட்டரிச் சார்ஜர், ஒரு பழைய இரும்புத் தகடு. இவ்வளவுதான் மருந்துச் சீட்டு. துருப்பிடித்த சாமானை எதிர்முனையிலும் தகட்டை நேர்முனையிலும் கட்டிவிட்டால் துரு தானாக நெகிழ்ந்து கழன்றுகொள்ளும். நல்ல இரும்புக்குச் சேதமில்லை. பொறித்த எழுத்து அப்படியே நிற்கும். ஹைட்ரஜன் வாயு கிளம்புமாதலால் திறந்த வெளியில், நெருப்புக் கிட்ட வராமல் செய்யவேண்டும். சோடாவுக்குப் பதில் உப்பைப் போடக் கூடாது, துருப்பிடிக்காத எஃகைத் தகடாக வைக்கக் கூடாது. இரண்டிலும் விஷம் கிளம்பும். கடைசியில் பள்ளங்களில் மிஞ்சுகிற துருவுக்குக் கடுக்காய்க் கஷாயம். சிரிக்கவேண்டாம். கடுக்காயின் துவர்ப்புச் சத்து துருவோடு சேர்ந்தால் கறுத்து இறுகிப்போகும். அதற்கு மேல் பரவாது. மேல்நாட்டு மியூசியங்களில் டானிக் ஆசிட் என்று புட்டியில் வைத்துப் பூசுவதும் இந்தத் துவர்ப்பைத்தான். நம் முன்னோர்கள் கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து மை காய்ச்சினார்கள். செட்டிநாட்டு வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பில் கடுக்காய்த் தண்ணீர் சேர்த்தார்கள். ஊரே கடுக்காயில் நிற்கிறது; அந்த ஊர்ச் சாமானுக்கு ஆசிட்!

இதையெல்லாம் நான் காரைக்குடியை வைத்துச் சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. துருவைப் பற்றி இந்தியாவிலேயே அதிகமாக ஆராய்ந்த இடம் எதுவென்று கேட்டால், அதே காரைக்குடிதான். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து வரவழைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அங்கே இருக்கிறது. ஊரார் 'சிக்ரி' என்பார்கள். 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14, பொங்கலன்று, அப்போது உபராஷ்டிரபதியாயிருந்த ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். நாட்டின் பல ஊர்களில் உலோகத் துண்டுகளை வெயிலிலும் மழையிலும் காயப்போட்டு, எந்த ஊர்க் காற்று எவ்வளவு இரும்பைத் தின்கிறது என்று அளந்து, இந்தியாவுக்கே ஓர் அரிப்பு வரைபடம் தயாரித்தவர்கள் அவர்கள். மண்டபத்தில் கடலோரமாக ஒரு சோதனை நிலையமும் நடத்துகிறார்கள். இவ்வளவு ஞானமும் அந்த ஊரில் இருக்க, அதே ஊரிலிருந்து புறப்படுகிற ஒரு கைப்பிடி யந்திரம் கழிப்பறை ஆசிட்டில் முழுகி எழுந்து பொன் வர்ணத்தில் போகிறதென்றால், விளக்கின் அடியில் இருட்டு என்று பெரியவர்கள் சொன்னது வெறும் பேச்சல்ல. குற்றம் நிலையத்தின்மேல் இல்லை. கேட்கத் தோன்றாத நம்மேல்.

இனி எதிர்க்கட்சி வாதங்கள். துருவையே அழகு என்று சொல்கிற ரசிகர்கள் இருக்கிறார்கள். "தொடாதீர்கள், காலத்தின் முத்திரை அது" என்பார்கள். கிரைண்டர்க்காரரைவிட இவர்கள் கொஞ்சம் தேவலை. ஆனால் காலம் முத்திரை குத்திவிட்டுப் போய்விடுவதில்லை. குத்திக்கொண்டே இருக்கிறது. ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் அந்த முத்திரை இன்னும் அரை நூல் ஆழம் இறங்கும். பாம்பன் ரயில் பாலம் 1914-லிருந்து 2022 டிசம்பர் வரை உப்புக் காற்றில் நின்று ரயிலைத் தாங்கியது என்றால், ஆள்கள் தொங்கிக்கொண்டு சுரண்டியும் வர்ணம் அடித்தும் காத்ததால்தான். தொடாமல் ரசித்திருந்தால் எத்தனை வருஷம் நின்றிருக்கும்?

இரண்டாவது வாதம் கனமானது. அமெரிக்காவில் தோட்டா நிரப்பும் அழுத்து யந்திரங்கள் வீட்டுக்கு வீடு சாதாரணம். பாட்டன் விட்டுப்போன துருப்பிடித்த யந்திரத்தைப் பேரன் எண்ணெயில் ஊறவைத்து மீட்டு, மறுநாள் அதிலேயே தோட்டா நிரப்பிக்கொள்கிறான். அங்கே மீட்பதற்கு அர்த்தம் உண்டு. இங்கே? வேட்டை 1972-லேயே சட்டப்படி முடிந்துவிட்டது. காகிதத் தோட்டாவும் போயிற்று. உயிரைக் கொல்வதற்கு ஒத்தாசை செய்த சாமானுக்கு இவ்வளவு வக்காலத்தா, அது விளக்காகவாவது பிழைத்துப் போகட்டுமே என்று அந்த வீட்டுக்காரரே கேட்கக்கூடும்.

வேட்டைக்கு நான் பரிந்து பேசவில்லை. காடையும் கௌதாரியும் நிம்மதியாக இருக்கட்டும். தோட்டா நிரப்புங்கள் என்றும் சொல்லவில்லை. லைசென்ஸ் இல்லாமல் அது குற்றம். ஆனால் யந்திரம் திரும்புவது வேறு, தோட்டா மூடுவது வேறு. கைப்பிடியைச் சுற்றினால் தலை சுழலவேண்டும். அது சுழன்றால்தான் அது இன்ன யந்திரம் என்று பார்க்கிற குழந்தைக்குத் தெரியும். கதை எழுதுகிறவனுக்குத் தெரியும். இந்த மண்ணுக்கு அது தெரியவேண்டிய அவசியமும் இருக்கிறது. மருது சகோதரர்களை 1801 அக்டோபர் 24-ல் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். அதே வருஷம் டிசம்பரில் சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஆயுதங்களை ஒப்படைத்துவிடவேண்டுமென்று பாளையக்காரர் சீமையெங்கும் பிரகடனம் செய்தான். பிறகு 1878-ல் லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டம்: இந்தியனுக்கு லைசென்ஸ் வேண்டும், வெள்ளைக்காரனுக்கு வேண்டாம். வாளும் வேலும் வளரியும் பிடுங்கப்பட்ட அதே சிவகங்கைச் சீமையில், இரண்டு தலைமுறைக்குப் பின் ஒருவர் துரைமார்களிடம் மனுப்போட்டுத் துப்பாக்கி லைசென்ஸ் வாங்கி, ஷெஃபீல்டிலிருந்து கருவி தருவித்து, வளவுக்குப் பின்னால் இரண்டாங்கட்டு அறையில் மேஜையோரம் மாட்டி வைத்திருந்தார் என்றால் அவர் யார்? சர்க்காருக்கு வேண்டியவரா? பெட்டகத்துக்குப் பயந்தவரா? ரங்கூனில் கற்றுக்கொண்டு வந்த பழக்கமா? ஒரு நாவலுக்கு வேண்டிய சரக்கு அந்தத் துருவுக்குள் இருந்தது. செய்த கம்பெனியின் பெயரும், விற்ற கடைக்காரன் முத்திரையும் இருந்திருந்தால் ஒரு நுனியாவது கிடைத்திருக்கும். இப்போது பல்பு எரிகிறது.

சட்டத்தைப் பற்றிப் பேசினேனே, அதிலே ஒரு வேடிக்கை. நம்முடைய 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டம் 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் 'வெடிபொருள், தோட்டா' என்பதற்கு விளக்கம் சொல்லும்போது தோட்டாவின் பாகங்களையும், அதைச் செய்கிற யந்திரங்களையும் சேர்த்தே சொல்லியிருக்கிறது. ஆக, சட்டத்தின் கண்ணுக்கு அந்த யந்திரமே தோட்டா. வைத்துக்கொள்ள அனுமதி வேண்டும். கூடத்தில் விளக்கு வைத்திருக்கிறவர் வாசலில் போலீஸ்காரரைப் பார்த்தால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. இன்னொரு இடத்தில் அதே சட்டம், பழங்கால மாதிரியாகவோ பழுதாகவோ உள்ள ஆயுதம், பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் துப்பாக்கியாக உபயோகிக்க முடியாதது என்றால் மாத்திரம், இந்தச் சட்டத்தின் பிடியில் வராது என்கிறது. அந்த விலக்கு ஆயுதத்துக்குத்தான்; யந்திரத்துக்கு அல்ல. ஆனால் 'பழுது பார்த்தாலும்' என்று எழுதிய அந்த உத்தியோகஸ்தர் யாரோ, அவருக்கு என் நமஸ்காரம். துரு மூடியிருப்பதால் ஒன்று இல்லாமற்போய்விடாது, மீட்க முடியுமென்றால் அது இன்னும் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நம் அலங்காரப் பிரியர்களுக்குத் தெரியவில்லை.

தில்லி இரும்புத் தூணைப் பார்த்துவிட்டு வந்து, 1,600 வருஷமாகத் துருவே பிடிக்கவில்லை என்று பெருமை பேசாதவர் நம்மில் யார்? துருவே பிடிக்கவில்லை என்பது சரியல்ல. அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். அதனால் மேலே மெல்லியதாக ஒரு படலம் உண்டாகி, அதுவே கீழேயுள்ள இரும்புக்குக் கவசமாக இருக்கிறது என்று கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் ஆராய்ந்து எழுதினார். அந்தத் தூண் மாத்திரம் நம்முடைய புதுப்பிப்பாளர் பட்டறைக்கு வந்திருந்தால் அரை மணியில் அந்தப் படலத்தை உரித்துப் பொன் வர்ணம் அடித்து உச்சியில் ஒரு பல்பு மாட்டியிருப்பார்.

தமிழ்நாட்டு அரசு 2025 ஜனவரி 23-ல் 'இரும்பின் தொன்மை' என்ற அறிக்கையை வெளியிட்டது. சிவகளையில் கிடைத்த சான்றுகளின்படி இந்த மண்ணில் இரும்பு கி.மு. நாலாயிரத்தின் பிற்பாதிக்கே, அதாவது 5,300 வருஷத்துக்கு முன்பே போகிறது என்று அதில் கண்டிருக்கிறது. மேடைக்கு மேடை கைதட்டினோம். நல்லதுதான். அந்த இரும்பும் துருக்கட்டியாகத்தான் பூமியிலிருந்து வந்தது. அதை எடுத்தவர்கள் கம்பி பிரஷ்ஷைத் தேடவில்லை. கூட இருந்த மண்ணையும் கரியையும் பத்திரப்படுத்தினார்கள், அதனால் வயது தெரிந்தது. ஐயாயிரம் வருஷத்து இரும்புக்கு இந்த மரியாதை. நூறு வருஷத்து இரும்புக்கு ஆசிட் தொட்டி.

செட்டிநாட்டுக் கிராமங்களை 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் கூடிக்கொண்டிருக்கிறார்கள். மாளிகையை ஓட்டலாக்கியவர்கள் முகப்பிலும் பட்டாலையிலும் பழைய சாமான்களை நிறுத்தி வைக்கிறார்கள். அவர்களில் சிலராவது நல்ல ரசனையுள்ளவர்கள். சுவரை மீட்கச் சுண்ணாம்புக் கொத்தனாரைத் தேடிப் பிடித்து, நாள் கூலி கொடுத்து, மூன்று மாதம் பொறுத்திருக்கிறார்கள். ஆத்தங்குடிக் கல் வேண்டுமென்றால் ஆத்தங்குடிக்கே போகிறார்கள். இரும்புக்கு மாத்திரம் ஏன் இந்த அவசரம்? கொத்தனாருக்குக் கொடுக்கிற கூலியில் நாலில் ஒரு பங்கைத் தையல் யந்திர மெக்கானிக்குக்கும், கடைத்தெருக் கோடியில் லேத் வைத்திருக்கிற கிழவருக்கும் கொடுத்தால், பெட்டகப் பூட்டும் திறக்கும், சுவர்க் கடிகாரமும் ஓடும், இந்த யந்திரமும் சுழலும். அந்தக் கிழவரிடம் இன்றைக்கும் பழைய இங்கிலீஷ் மரை வெட்டுகிற டை இருக்கிறது. கேட்பார் இல்லாததால் அவர் மகன் கிரைண்டர் வாங்கி வைத்திருக்கிறான். பளபளப்புக்குத்தான் பணம் கொடுக்கிறோம் என்று அவனுக்கு நாம் கற்றுக்கொடுத்திருக்கிறோம், அவன் கற்றுக்கொண்டான்.

இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களில் சிலர் வீட்டில், சொந்த ஊரில், பூட்டிக் கிடக்கிற அறையில் இப்படி ஒன்று கிடக்கலாம். காப்பி யந்திரம் போல இருந்து, கொட்டை போட வழி இல்லாமலிருந்தால் சந்தேகப்படுங்கள். கூடவே தகரப் பெட்டியோ சிமிழோ இருந்தால் திறக்கவேண்டாம், குலுக்கவேண்டாம். போலீஸ் ஸ்டேஷனில் சொல்லி, அவர்கள் ஆள் வந்து பார்த்த பிறகு மற்ற காரியம். யந்திரத்தை வைத்துக்கொள்ளவோ மியூசியத்துக்குக் கொடுக்கவோ கலெக்டர் ஆபீசில் ஒரு மனு எழுதிப் போடவேண்டியிருக்கும். கொஞ்சம் நடக்கவேண்டியிருக்கும், என்ன செய்வது? அதற்குள் துரு ஓடிவிடாது. கைப்பிடியைப் பலமாகத் திருப்பிப் பார்க்கும் ஆசையை மாத்திரம் அடக்கிக்கொள்ளுங்கள். ஒரு படம் எடுத்து வையுங்கள், எழுத்து இருக்கிற பக்கமாக.